பேசரி இருந்த இடத்தில் ஈர்க்குச்சி

உங்கள் அம்மா மூக்கில் ஈர்க்குச்சியோடு வந்த அன்று நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் அதட்டவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிற பிள்ளைகளுக்கு அது சிரிப்பாகத்தான் இருக்கும். அம்மாவும் கூடவே சிரித்தாள். ஆனால் அந்தக் குச்சி அங்கே எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை, எழுதுகிறேன்.

தலைவலியும் வாந்தியுமாக அவள் கிடந்தது உங்களுக்குத் தெரியும். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, வேடசந்தூரிலிருந்து பஸ்ஸில் திண்டுக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுக்கிற இடத்தில் இருந்த பெண், உடம்பில் குண்டுமணி நகைகூட இருக்கக் கூடாது என்றாள். தோடு, வளையல், மெட்டி எல்லாம் கழன்றது. தாலிச் சங்கிலியைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டாள். மூக்கில் இருந்த பேசரி மட்டும் வரவில்லை.

ஏழு கல் வைத்த அந்தப் பேசரியை நீங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிறீர்கள். அது உங்கள் அம்மாச்சியுடையது. தாத்தா இறந்த அன்று அம்மாச்சி அதைத் தன் மூக்கிலிருந்து கழற்றினார். காரியமெல்லாம் முடிந்த பிறகு, அம்மாவை உட்கார வைத்து, அவள் போட்டிருந்த சின்ன மூக்குத்தியை எடுத்துவிட்டு இதைத் திருகிவிட்டார். இனிமேல் நீ இதைக் கழற்றவே வேண்டாம் என்றாராம். அம்மாவும் கழற்றவில்லை. உங்களைப் பெற்றபோதும் அது மூக்கில்தான் இருந்தது. அதில் ஒரு கல் மங்கிப்போயிருக்கும், பார்த்திருப்பீர்கள். மாற்றிக்கொள்ளலாமே என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவள் அம்மா மூக்கிலேயே அது அப்படித்தான் இருந்தது, அப்படியே இருக்கட்டும் என்பாள்.

ஸ்கேன் பெண் சோப்பு போட்டுப் பார்த்தாள், தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தாள். மூக்கு சிவந்ததுதான் மிச்சம். கடைசியில், பத்தரிடம் போய் எடுத்துவிட்டு வாருங்கள் அண்ணே என்று அனுப்பிவிட்டாள்.

நகைக்கடைத் தெருவில் ஒரு பத்தர் விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார். திருகாணி தண்டோடு சேர்ந்து இறுகி ஒன்றாகிவிட்டது, தண்டை வெட்டித்தான் எடுக்க முடியும், கல்லுக்கு ஒன்றும் ஆகாது என்றார். அம்மா சட்டென்று கையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

வலிக்குமென்று பயப்படுகிறாள் என நினைத்தேன். வலிக்காது என்று சொன்னேன். அதில்லை என்று தலையை ஆட்டினாள். அப்புறம் புதுத் தண்டு வைத்து இதே கல்லோடு போட்டுக்கொள்ளலாம் என்றேன். அதற்கும் ஆட்டினாள். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஸ்கேனுக்கு நேரமாகிறது, இந்த நேரத்தில் நகையைப் பார்க்கிறாளே என்றிருந்தது.

அவள் என்னைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள். "எங்கம்மா இதக் கழட்டுனப்ப, எங்கப்பாவ நடுவீட்டுல கெடத்தியிருந்தாங்க."

பத்தர் கையில் இருந்த கட்டரைக் கீழே வைத்துவிட்டார்.

தலைக்குள் என்ன இருக்கிறதோ என்று பார்க்க வந்தவள் அவள். அவள் பயந்ததோ எனக்காக. சிரிக்க வைக்கலாம் என்று, "அதான் நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்ல" என்றேன்.

"அப்படியே நில்லுங்க. அங்கிட்டு இங்கிட்டு போயிராதீங்க."

நின்றேன். மில்லிலிருந்து போன் வந்தது. சட்டைப் பையில் அது அடித்து ஓயும்வரை எடுக்கவில்லை. பத்தர் வெட்டும்போது அவள் கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் முகத்தைத் தைரியமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

பேசரி பத்தரின் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. யாரோ வேற்று மனுஷி போல இருந்தாள். "மூளியாப் போச்சுல்ல?" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். நம்பியிருக்க மாட்டாள்.

பக்கத்துப் பூக்கடையில் ஒரு தென்னங்கீற்று கிடந்தது. பத்தர் அதில் ஒரு ஈர்க்கைக் கிழித்து, நுனியைச் சீவி, மஞ்சள் தடவிக் கொடுத்தார். "இதப் போட்டுக்க தாயி, ஓட்ட தூராது. ஸ்கேன்காரப் பிள்ளையும் ஒண்ணும் சொல்லாது."

அதைச் செருகிக்கொண்டுதான் அம்மா ஸ்கேன் அறைக்குள் போனாள். என்னை உள்ளே விடவில்லை. நாற்காலியெல்லாம் காலியாகக் கிடந்தது. வாட்ச்மேன் உட்காரச் சொன்னார், பரவாயில்லை என்று நின்றுகொண்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்கு நான் நிற்பது தெரியாது. ஆனாலும் உட்காரத் தோன்றவில்லை. மில்லில் எந்த மிஷின் சத்தம் மாறினாலும் எனக்குத் தெரிந்துவிடும். உள்ளேயிருந்து வந்த சத்தத்தில் நல்லது எது, கெட்டது எது என்று ஒன்றும் பிடிபடவில்லை.

டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். சில மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்கிறார். நானும் என்னென்னவோ கேட்டேன், அவரும் சொன்னார், எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான். பேசரிக்குப் புதுத் தண்டு வைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். இப்போது போட்டால் அடுத்த ஸ்கேனுக்கு மறுபடி கழற்ற வேண்டும். "ஒரு தடவ கழட்டுனதே போதும்" என்றுவிட்டாள். துணியில் முடிந்து பீரோவில் வைத்திருக்கிறாள்.

ஈர்க்குச்சியை அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கிறது. அப்போதெல்லாம், "ஏங்க, செத்த வந்து நில்லுங்க" என்று கூப்பிடுவாள். பழைய குச்சியை உருவிப் புதுக் குச்சியைச் செருகும்வரை நான் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்பேன். அப்பா ஏன் அங்கே சும்மா நிற்கிறார் என்று கேட்டீர்களே, அதற்குத்தான். நேற்றும் நின்றேன்.