வலது கைப்பிடி இன்னும் வரவில்லை

மெயின்லேண்டில் ஏசி அறையில் உட்கார்ந்து எனக்கு வி.ஆர். கருவி விற்றவரே, நீங்கள் சொன்ன சொல் தவறியவர். பக்கவாதம் வந்த கைக்குப் பயிற்சி தரும் தொழிலில் பாதி நேரம் நோயாளியோடு மல்லுக்கட்டு, மீதி நேரம் கருவி விற்றவரோடு. கடல் தாண்டிப் பொருள் வாங்கி அவதிப்படும் தீவுக்காரர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படகு ஜெட்டியில் மீன்கூடைக்குப் பேரம் பேசிப் பிழைத்தவன் நான். இப்போது எங்கள் தீவில், மரைன் ஹில்லில் சின்னதாக ஒரு பிசியோதெரபி நிலையம். சிகிச்சை பிசியோதெரபிஸ்ட் மௌசுமி தீதியுடையது. கருவியும் சண்டையும் என்னுடையவை.

ஆளில்லாத கடை

செல்லம்மா அக்கா கட்சால் தீவில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். பக்கவாதத்தில் வலது கை வராமல் போய், இங்கே லம்பா லைனில் மகள் வீட்டில் தங்கி எங்களிடம் வந்தார். கண்ணில் வி.ஆர். பெட்டியை மாட்டி, வலது கையில் கைப்பிடியைப் பட்டையால் கட்டினோம். உள்ளே ஒரு பழக்கடை தெரியும். கையை நீட்டி ஆப்பிளை எடுத்துக் கூடையில் போட வேண்டும். அக்கா முயற்சிகூடச் செய்யவில்லை. கெஞ்சினேன், பிறகு கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "கடைக்காரன் ஒருத்தனையும் காணோம். கேக்காம எடுத்தா களவுல்ல தம்பி?"

நானே கடைக்காரன்

மறுநாள் பக்கத்தில் நின்று நானே விலை சொன்னேன். அக்கா பாதிக்குக் கேட்டார். பழக்கதோஷம், நான் இறங்கவில்லை. அவருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மடியில் கிடந்த வலது கை மெல்ல எழும்பி ஆப்பிளைத் தொட்டுவிட்டது. நானோ விலையிலேயே நின்றேன். கை எழும்பியாயிற்று, இனியாவது விலையை விடு என்று மௌசுமி தீதி இந்தியில் அதட்டினார்: "ஹாத் உட் கயா பாய், அப் தோ ரேட் சோடோ."

மெயின்லேண்ட் ஆலோசனை

விரல்கள் விரியத் தொடங்கிய வாரத்தில் வலது கைப்பிடி செத்துப்போனது. இடது கைப்பிடியை வலது கையில் கட்டிப் பார்த்தோம். உள்ளே இடது கைதான் நகர்ந்தது, அக்காவுக்குத் தலை சுற்றியது. வாரன்டி இருக்கிறதே என்று போன் செய்தேன். எடுத்தவர் பார்க்கிறோம் என்றார். அதுவரை என்ன செய்வது என்று கேட்டேன். "இடது கைக்கே பயிற்சி கொடுங்களேன் சார்."

போன் யாரிடம்

இப்போது மேஜைமேல் தண்ணீர் பாட்டிலை வைத்து தீதி பயிற்சி தருகிறார். அந்தப் பழக்கடையில் எட்டிய உயரத்துக்கு அக்காவின் கை எழும்பவில்லை. பால் வெட்டும் கத்தியைப் பிடிக்க முடிந்தால்தான் அவருக்கு வேலை. கை சீக்கிரம் தேறுகிற மாதங்கள் இவைதான் என்கிறார் தீதி. நான் போனில் கத்திக்கொண்டிருந்தபோது அக்கா இடது கையை நீட்டினார்: "அதை எங்கிட்ட குடு தம்பி, நீ கத்துறதுனாலதான் அவுங்க காதுல விழ மாட்டேங்குது."

ஆகவே ஐயா, கத்தாமல் எழுதுகிறேன்: அந்த வலது கைப்பிடியை அடுத்த விமானத்திலேயே அனுப்புங்கள், நீங்கள் 'பார்த்து' முடிக்கும்வரை அக்காவின் விரல்கள் காத்திருக்காது.