பின் மைக்கிலிருந்து ஒரு 'ஏன்'

அவளை எல்லோரும் 'எக்கோ' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே மறந்து போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. பகலில் சலவைக்கடையில் இஸ்திரி போடுவாள். சாயங்காலம் அண்ணன் நடத்தும் பாட்டுக்குழுவில் பின் மைக்கில் நிற்பாள். முன்னால் நிற்கும் பாட்டுக்காரி ஒரு வரியை முடித்தால், அதன் வாலை மட்டும் இவள் பிடித்து இழுக்க வேண்டும். இருபது வருஷமாக இதே பிழைப்பு. முன் மைக்கில் ஒரே ஒரு பாட்டு என்று அவளும் கெஞ்சிப் பார்த்துவிட்டாள். உன் குரல் கரகரவென்று இருக்கிறது, கூட்டம் கலைந்துவிடும் என்பார் அண்ணன். என்ன பெரிய குரல் ஆராய்ச்சி! அவர் தட்டும் தாளமே பாதி நேரம் ஊர் சுற்றிவிட்டுத்தான் வந்து சேரும்.

கச்சேரியில் தவறாமல் ஒரு பழைய பாட்டு வரும். புருஷன் வருவான் வருவான் என்று வாசலைப் பார்த்தே கிழவியாகிப் போனவளின் பாட்டு. "நீ சொன்ன சொல்லுக்காகப் பொறுத்திருந்தேன்" என்று பாட்டுக்காரி குழைவாள். பின்னாலிருந்து எக்கோ "ஏன்... ஏன்..." என்று தேய்த்துவிடுவாள். ஜனங்கள் அதற்குள் கைபேசியை எடுத்திருப்பார்கள்.

அன்றைக்கு ஒரு தையல் ஆலையின் ஆண்டுவிழா. சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகளை ஓரங்கட்டிவிட்டு மேடை போட்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசி தையல்காரப் பெண்கள். பாட்டுக்காரிக்குத் தொண்டை கட்டிப் போய், வரமுடியாது என்று சொல்லிவிட்டாள். அண்ணன் அசரவில்லை. அவள் பாடிய பதிவைப் போட்டுவிடலாம், நீ முன்னால் நின்று வாயை மட்டும் அசை என்றார். மூன்று பாட்டுக்கு மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினாள். அவமானம் பிடுங்கித் தின்றது. முன் மைக் கிடைத்தும் ஊமை வேஷம்தானா?

அந்தப் பழைய பாட்டு ஆரம்பித்ததும் ஒலிக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டி, பதிவை நிறுத்தச் சொன்னாள். அவர் மிரண்டு போய் நிறுத்தினார். அண்ணன் வேண்டுமென்றே தாளத்தில் கை வைக்கவில்லை. வைக்காவிட்டால் போகட்டும் என்று அவள் பாட்டுக்குப் பாடினாள்.

கரகரத்த குரல்தான். "பொறுத்திருந்தேன்" என்று முடித்தாள். பின் மைக்கில் ஆளில்லை, வாலையும் அவளே பாட வேண்டியதாயிற்று. பழக்கதோஷத்தில் "ஏன்" என்றாள். அப்போதுதான் அது அவள் காதிலேயே உறைத்தது. அட, இத்தனை நாளாக நாம் கேள்வியல்லவா கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம்! மறுபடி அதே வரியை எடுத்தாள். இந்தத் தடவை தேய்க்கவில்லை, நறுக்கென்று கேட்டாள்.

"பொறுத்திருந்தேன். ஏன்?"

முன்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அடுத்த அடிக்கு நாலைந்து பேர் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். "வாசல் பார்த்திருந்தேன்" என்றாள். "ஏன்?" என்றார்கள். "வாய்மூடி இருந்தேன்" என்றாள். "ஏன்?" என்று கூடமே கேட்டது. ஓரத்தில் நின்ற மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. அழுமூஞ்சிப் பாட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு சண்டைக்கு நின்றது. முடித்த பிறகும் விடமாட்டோம் என்று இன்னொரு முறை பாட வைத்தார்கள்.

மேடையைவிட்டு இறங்கியதும் அண்ணன் பிடித்துக்கொண்டார். காலங்காலமாகப் பாடிவரும் பாட்டைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாளாம். தன் மானமே போய்விட்டதாம்.

"யாரைக் கேட்டுப் பாடினே?" என்றார்.

"உன்னைக் கேட்டுத்தான் அண்ணே, இத்தனை வருஷமா பாடாம இருந்தேன்."