முதல் வரியில் மகமை

பிரிஸில்லாவின் வேலை என்னவென்று, மொத்த வியாபாரத் தெருவான ஆரியசாலையில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர் என்பார் ஒருவர். போனை எடுத்து ஸாரி சொல்வதற்காக வைத்திருக்கும் ஆள் என்றும் ஒரு கடையில் கேட்டிருக்கிறேன். இரண்டும் சரியல்ல. நம் வியாபாரிகள் சங்க மலருக்கு இந்த வருஷம் தெருவுக்கு வெளியிலிருந்து ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னபோது, அவர் பெயரைச் சொன்னவன் நான்தான். சங்கக் கூட்டங்களின் குறிப்பு எழுதுகிறவன் என்பதால் கீழே வருவதில் பெரும்பகுதி நான் நேரில் பார்த்தது. பார்க்காததை அவரிடமே கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

அவர் பாறசாலைக்காரர். வீடு மாநில எல்லைக்கு இந்தப் பக்கம், வழிபடும் சபை அந்தப் பக்கம் களியக்காவிளையில். பள்ளிக்கூடம் மலையாளம், ஞாயிற்றுக்கிழமை தமிழ். ஆகவே எண்ணுவது மலையாளத்திலும் ஜெபிப்பது தமிழிலும் என்று ஆகிவிட்டது. தந்தைக்கு வாழைக்குலை வியாபாரம். தாய் தாசம்மாள் தையல்காரி. கணவர் அஜீஷ் விழிஞ்ஞம் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார்.

முதல் வேலை, மின்தடைப் புகார்களைத் தொலைபேசியில் வாங்கிக்கொள்ளும் ஓர் இடத்தில். ஒருவர் கூப்பிட்டால் அவர் வீட்டு ஃபியூஸ், ஒரே தெருவிலிருந்து பத்துப் பேர் கூப்பிட்டால் டிரான்ஸ்பார்மர் என்று அங்கே தெரிந்துகொண்டாராம். பிறகு படித்து, பரீட்சைகள் எழுதி, கழக்கூட்டத்தில் வெங்கிடேஷ் நடத்தும் சிறிய நிறுவனத்தில் சேர்ந்தார். வெங்கிடேஷ் கரமனை அக்ரஹாரத்துப் பிள்ளை. நம் தெருக் கடைகள் எல்லாவற்றுக்கும் பில் போடும் மென்பொருள் அவருடையதுதான்.

அந்த மென்பொருளின் கணக்கு நம் கடைகளில் இல்லை. எங்கோ தூரத்தில், வாடகைக்கு எடுத்த இயந்திரத்தில் இருக்கிறது. அதைத்தான் கிளவுடு என்கிறார்கள். அங்கே கணக்கைச் சேர்த்து வைத்துக் கேட்டபோது எடுத்துக் கொடுக்கும் பகுதிக்கு டேட்டாபேஸ் என்று பெயர். அதன் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்வதுதான் பிரிஸில்லாவின் வேலை. இயந்திரத்தின் மூளை எவ்வளவு உழைக்கிறது, நினைவில் எவ்வளவு இடம் மிச்சம், எத்தனை கடைகள் தொடர்பில் இருக்கின்றன என்பதெல்லாம் அவர் திரையில் கோடுகளாக ஓடிக்கொண்டிருக்கும். ஏதாவது ஒரு கோடு வரம்பைத் தாண்டினால் பச்சை சிவப்பாகும். அவர் போன் அலறும். அதற்கு அலர்ட் என்று பெயர்.

"அந்த வரம்பை யார் வைக்கறா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான்தான் சார். அதுதான் கஷ்டம். தாழ்த்தி வச்சா சும்மா சும்மா கத்தும். கொஞ்ச நாள்ல நம்மளே காதுல வாங்க மாட்டோம். ஒசத்தி வச்சா, எல்லாம் முடிஞ்ச பொறவு கத்தும்."

இனி சம்பவத்துக்கு வருகிறேன்.

ஆடி பாதியிலிருந்து தெருவில் ஒரு தொந்தரவு தொடங்கியது. காலை வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில் பில் நின்றுவிடும். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நெடுமங்காட்டிலிருந்தும் காட்டாக்கடையிலிருந்தும் வந்த சில்லறைக் கடைக்காரர்கள் மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டுப் பில்லுக்காகக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து எல்லாக் கடைகளிலும் ஒரேயடியாகப் பில் கொட்டும். பிறகு மறுபடி நிற்கும்.

கடைக்காரர்கள் பிரிஸில்லாவைக் கூப்பிட்டார்கள். அவர் கோடுகளைப் பார்த்தார். எல்லாம் பச்சை. அலர்ட் எதுவும் வரவில்லை. இன்டர்நெட் கோளாறாக இருக்கும் என்றார். கடைக்காரர்கள் இன்டர்நெட்டை மாற்றினார்கள். பில் அப்படியே நின்றது.

சங்கக் கூட்டத்தில் வேலாயுதன் எழுந்தார். மல்லி, மிளகாய் வத்தல், சீரகம் மொத்த வியாபாரம் செய்பவர். திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். தெருவில் குரல் பெரிது.

"இங்க சனம் கிடந்து சாவுது, அந்தப் பிள்ளை பச்சையா இருக்கு பச்சையா இருக்குங்குது. எனக்கு பச்சை எதுக்கு? வத்தல் சிவப்பாத்தான் இருக்கணும், பில்லு வெளிய வரணும். அத்தத்துக்குள்ள சரியாகலன்னா வேற கம்பெனிக்குப் போயிருவோம். எழுதிக்கோங்க சாமி."

எழுதிக்கொண்டேன். அத்தம் என்றால் ஓணத்தின் பத்து நாள் தொடங்கும் நாள். அன்று முதல் தெருவில் நிற்க இடமிருக்காது.

இதைக் கேட்டு வெங்கிடேஷ் பிரிஸில்லாவிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவர்கள் இருவருமே பிற்பாடு என்னிடம் சொன்ன பேச்சு இது.

"ஆரியசாலை போயிடுத்துன்னா நம்ம கம்பெனில பாதி போச்சு. தனியா இதைப் பாத்துக்க ஒரு ஆள் வச்சுக்க என்னால முடியாது. கோச்சுக்கப்படாது."

"என்னைச் சொல்லுறீங்க, அல்லே சார்?"

"வேற யாரைச் சொல்றது? நீங்கதானே அந்த ஆள்."

வெங்கிடேஷ் தன்னால் ஆனதையும் செய்து பார்த்தார். இரண்டு மடங்கு பெரிய இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தார். உழைப்பைக் காட்டும் கோடு இன்னும் கீழே போயிற்று. பில் நிற்பது மட்டும் குறையவில்லை. இங்கேதான் பிரிஸில்லாவுக்குப் பயத்தைவிடச் சந்தேகம் பெரிதாயிற்று. மெலிந்த மாடு வண்டியை இழுக்கவில்லை என்று கொழுத்த மாட்டைக் கட்டியும் வண்டி நகராவிட்டால், மாட்டைப் பார்த்துப் பயனில்லை. சக்கரத்தைப் பார்க்க வேண்டும். அவர் நம் தெருவுக்கே வந்துவிட்டார்.

அது செவ்வாய்க்கிழமை என்று முதலில் எழுதியிருந்தேன். புதன் என்று அவர் திருத்தினார். அன்று நான் வேலாயுதன் கடையில் சீரகம் வாங்கிக்கொண்டிருந்தேன். பிரிஸில்லா ஒரு மல்லி மூட்டையின் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு நின்றார். தூசியில் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தும்மல். வேலாயுதன் ஒரு வாடிக்கைக்காரருக்குப் பில் தொடங்கினார், வத்தல் விலையில் வாக்குவாதம் வந்தது, இருவரும் பேசிக்கொண்டே எதிரில் டீக்கடைக்குப் போனார்கள்.

சிறிது நேரத்தில் தெருவில் கூச்சல் எழுந்தது. "நின்னாச்சே!" என்று எதிர்ச்சாரி வெல்லக்கடையில் ஒருவர் கத்தினார். "இவிடேயும்!" என்று எண்ணெய்க்கடையிலிருந்து பதில்.

பிரிஸில்லா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சார், இங்க பாருங்க. அவங்க கத்தத் தொடங்கின உடனே கோடு தாழுது."

"தாழ்ந்தா நல்லதுதானே? பாரம் கூடினாத்தானே மூச்சு வாங்கும்?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா நின்னு நோக்குங்க. கூச்சல் கூடக்கூட இது இன்னும் சொகமா கிடக்கு." அவர் அந்தக் கோட்டை விரலால் தொட்டுக் காட்டினார். "இதுக்கு வேலை செய்ய முடியாம இல்ல சார். வேலையே கிடைக்கல. எல்லாரும் எதுக்கோ காத்து நிக்கிறாங்க. காத்து நிக்கிறவங்களுக்கு ஒடம்பு வலிக்காதே."

இத்தனை நாளும் அவர் இயந்திரத்திடம் எவ்வளவு உழைக்கிறாய் என்று மட்டும் கேட்டுவந்திருக்கிறார். இப்போது வேறு ஒன்றைக் கேட்டார்: யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்? அப்படியும் கேட்கலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஒரு பட்டியல் வந்தது. வெல்லக்கடை எண்ணெய்க்கடைக்காகக் காத்திருந்தது. எண்ணெய்க்கடை பருப்புக்கடைக்காக. இப்படியே போய், கடைசியில் ஒரு கடை மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அதன் எண்ணைப் பார்த்துவிட்டு, பிரிஸில்லா மெதுவாகத் திரும்பி, பக்கத்திலிருந்த கல்லாவைப் பார்த்தார்.

வேலாயுதனின் கம்ப்யூட்டரில் பாதிப் பில் திறந்து கிடந்தது. சரக்கு ஒன்றும் ஏறவில்லை. முதல் வரி மட்டும் இருந்தது: மகமை.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நம் தெருவில் ஒவ்வொரு பில்லிலும் ஒரு சிறு தொகை தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குச் சேரும். அதுதான் மகமை. முன்பு வருஷக் கடைசியில் வசூலித்தோம். வசூலைவிட வம்பு அதிகமாக வந்தது. ஆகவே பில்லிலேயே சேர்த்து, தெரு முழுவதற்கும் அன்று சேர்ந்த மொத்தத்தையும் பில்லின் அடியில் அச்சடிக்கச் சொன்னோம். அந்த மொத்தம் டேட்டாபேஸில் ஒரே ஒரு கட்டம். ஒரு கடை அதில் எழுதத் தொடங்கினால், எழுதி முடிக்கும்வரை இன்னொரு கடை அதில் கை வைக்க முடியாது. பில் முடியும்போது எழுதினால் கண் இமைக்கும் நேரம்தான்; யாருக்கும் தெரியாது.

பிரிஸில்லா அங்கிருந்தே, மென்பொருளை எழுதிய சஜினைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டதால் நானும் கேட்டேன்.

"சஜினே, மகமை எப்பயாக்கும் எழுதுது? பில்லு முடியும்போது தானே?"

"முன்ன அப்படித்தான் சேச்சி. பின்ன வேலாயுதன் அண்ணாச்சி விளிச்சு, சாமிக்குள்ளது முதல் வரியில வேணும்னு பறஞ்சாரு. ஒரு பட்டன் வச்சுக் கொடுத்தேன்."

"சரி, எழுதிட்டு விட்டுற வேண்டியதுதானே? ஏன் பிடிச்சுட்டே நிக்குது?"

"பில்லு கேன்ஸல் ஆனா மகமையும் திரும்பணுமே சேச்சி. அதான் பில்லு தீருற வரைக்கும் பிடிச்சு வைக்கும்... அய்யோ."

"அய்யோதான்."

வேலாயுதன் அந்தப் பட்டனைத் தன் கடையில் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. சாமிக்கு முதலில் என்று கடை கடையாகச் சொல்லி எல்லாரையும் பழக்கிவிட்டிருந்தார். இரண்டு மூன்று கடைகள் செய்தவரை ஒன்றும் தெரியவில்லை. தெருவே செய்யத் தொடங்கியதும், ஒருவர் மகமையைப் போட்டுவிட்டு விலை பேசப் போனால், அவர் திரும்பும்வரை ஒரு தெரு நின்றது.

வேலாயுதன் டீ குடித்து முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்னம்மா, இன்னும் பச்சையாத்தான் இருக்கா?"

"அண்ணாச்சி, அந்தப் பில்லை முதல்ல முடியுங்க."

"அவன் நாலு ரூவா குறைக்கச் சொல்லுதான், நான்..."

"முடியுங்க அண்ணாச்சி. இல்லன்னா கேன்ஸல் பண்ணுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே ரத்து செய்தார். அதே நொடியில் தெரு நெடுக பில் இயந்திரங்கள் கரகரவென்று ஓடின. எண்ணெய்க்கடையிலிருந்து, "வந்நு, வந்நு!" என்று சத்தம் கேட்டது. வேலாயுதன் தெருவைப் பார்த்தார். தம் விரலைப் பார்த்தார்.

"நானாம்மா?"

"நீங்க மட்டும் இல்ல அண்ணாச்சி. இப்ப நீங்கதான்."

"அடப்பாவி! நான்லா சங்கத்துல எந்திரிச்சுக் கத்தினேன்! சாமி, அதையும் எழுதிட்டீயளா?"

"எழுதியாச்சு. குறிப்புல அடிச்சுத் திருத்தப்படாது" என்றேன்.

சரிசெய்வது பெரிய வேலையில்லை என்றார் பிரிஸில்லா. ஆனால் மகமையைக் கடைசிக்குக் கொண்டுபோகலாம் என்று சொன்னதும் வேலாயுதன் முகம் மாறியது. "அது நடக்காது. வேற கம்பெனிக்குப் போனாலும் போவேன், சாமிக்கு மிச்சத்தைக் கொடுக்க மாட்டேன்."

அந்த இடத்தில் பிரிஸில்லாவின் வேலை மறுபடி ஊசலாடியது. காரணம் தெரிந்த பிறகும் தெரு போய்விடக்கூடும் என்று நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. பிரிஸில்லா இன்னொரு தும்மல் தும்மிவிட்டு, யோசித்துச் சொன்னார்.

"எங்க சபையில காணிக்கைப் பை வரும் அண்ணாச்சி. ஒவ்வொருத்தரா போட்டுட்டே இருப்போம். நான் போட்டதை எண்ணின பொறவுதான் பக்கத்து ஆள் போடணும்னா, ஆராதனை முடியுமா? பை போய்ச் சேர்ந்த பொறவு மொத்தமா எண்ணுவாங்க. இங்கயும் அப்படி வைப்போம். உங்க பில்லுல சாமி வரி முதல்லயே இருக்கட்டும். ஒவ்வொரு கடையும் அவங்கவங்க மகமையைத் தனித்தனியா போடட்டும். மொத்தத்தை அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா கம்ப்யூட்டரே எண்ணிக்கிடும்."

"அப்போ அடியில வார மொத்தம்?"

"அஞ்சு நிமிஷம் பழசா இருக்கும்."

வேலாயுதன் சுவரிலிருந்த பிள்ளையார் படத்தை நிமிர்ந்து பார்த்தார். "உண்டியல்னு சொல்லு. அத விட்டுட்டு காணிக்கைப் பை, அது இதுன்னுக்கிட்டு. உண்டியல்னா சரி, எண்ணுதது எப்ப எண்ணுனா என்ன."

அத்தத்துக்கு இரண்டு நாள் முன்பு மாற்றம் வந்துவிட்டது. பில் நிற்கவில்லை. ஆனால் பிரிஸில்லா அதோடு விடவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். பச்சையாக இருந்து தன்னை ஏமாற்றிய கோடுகளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார். உழைப்பு எவ்வளவாக இருந்தாலும் சரி, எவராவது எதற்காவது மூன்று விநாடிக்கு மேல் காத்து நின்றால் போன் அலற வேண்டும். தொடங்கிய வாரம் அது வீணாக நிறையக் கத்தியதாம். திருத்தித் திருத்தி அடக்கினார்.

ஓணத்துக்கு முந்தின நாளான உத்திராடத்தன்று காலை, தெரு திணறிக்கொண்டிருந்தபோது வேலாயுதனின் போன் அடித்தது. கூப்பிட்டவர் பிரிஸில்லா; நான் கடைப் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, புது அலர்ட் கத்துது. வெல்லக்கடையில யாரோ வருஷ ரிப்போர்ட் எடுக்காங்க, அது கணக்கை மொத்தமா பிடிச்சு வைக்குது. அங்க யாரும் போனை எடுக்கல. அதை நிறுத்தச் சொல்லுவீங்களா?"

"இங்க ஒண்ணும் நிக்கலியேம்மா. பில்லு ஓடிக்கிட்டுல்லா இருக்கு."

"இப்ப ஓடும். இன்னும் கொஞ்ச நேரத்துல ஓடாது."

"நிக்கதுக்கு முன்னாலயே எதுக்குக் கூப்பிடுத?"

"நின்ன பொறவு நீங்கல்லா கூப்பிடுவீங்க அண்ணாச்சி."

வேலாயுதன் படியில் ஏறி நின்று எதிர்ச்சாரியைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். உத்திராடக் கூட்டத்தைத் தாண்டி அந்தக் குரல் போய்ச் சேர்ந்தது. ரிப்போர்ட் நின்றது. வாங்க வந்தவர்களில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

ஓணம் கழிந்த முதல் கூட்டத்தில், வேறு கம்பெனிக்குப் போகும் பேச்சு வரிசைப்படி எடுக்கப்பட்டது. கொண்டுவந்தவரே அதைத் திரும்பப் பெற்றார். மென்பொருள் ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்கு நீட்டிக்கப்பட்டது, எதிர்ப்பு இல்லை.