பாஸ்போர்ட்டில் வைத்த பொட்டு

ஒரு பொட்டுக்காக நானும் அப்பாவும் அரும்பாவூரிலிருந்து பெரம்பலூருக்கு ஐந்து முறை பஸ் ஏறியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அந்த ஐந்தாம் வகுப்பிலும் பல நாள் தாலுக்கா ஆபீஸ் வேப்பமரத்தடியில் போய்விட்டது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. எழுதினால் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அப்பாவின் தாத்தா அரும்பாவூர்ப் பக்கத்திலிருந்து அங்கே கூலிக்குப் போனவர். அப்பாவும் அம்மாவும் நானும் அங்கேயே பிறந்தோம். இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டதில் நாங்கள் இந்தியாவின் பங்குக்கு வந்தோம். கண்டியில் பாஸ்போர்ட் கொடுத்தார்கள். குடும்பத்துக்கே ஒரு புத்தகம். அதில் அப்பா படம், பக்கத்தில் அம்மா படம், பிள்ளைகள் என்ற இடத்தில் என் பெயர். கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருந்து, எழுபத்தெட்டில் ஊர் சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது.

வந்த நாளிலிருந்து அப்பாவுக்கு ஒரே பைத்தியம். ஓட்டுப் போட வேண்டும். டீக்கடையில் யார் கிடைத்தாலும் பிடித்துக்கொள்வார்.

"எங்கப்பா அங்க ஒரே ஒரு தடவ போட்டாருங்க. அப்பறம் நீங்கள்லாம் இந்த நாட்டு ஆளே இல்லன்னு சட்டம் போட்டுப் புடுங்கிட்டானுவ. நாப்பது வயசு வரைக்கும் நான் எந்த நாட்டுக்காரனும் இல்லீங்க."

கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, மறுநாள் வழியில் பார்த்தால், "என்னா சிலோன்காரரே, ஓட்டு வந்துருச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அங்கே இருந்தவரை எங்களுக்கு இந்தியாக்காரர்கள் என்று பெயர். இங்கே வந்ததும் சிலோன்காரர்கள். அப்பாவுக்கு இது வருத்தமாகவே தெரியவில்லை. பட்டியலில் பேர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார்.

தேர்தல் வரப்போகிறது என்றார்கள். ஊர்க் கர்ணம், "சிலோன்லேருந்து வந்தவங்க பாஸ்போர்ட்ட தாலுக்கா ஆபீசுல காட்டி எழுதி வாங்கிட்டு வரணும், அப்பத்தான் பேரு சேரும்" என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ஆகையால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நான்.

முதல் முறை அப்பா பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு முகாமில் கொடுத்த அட்டையை எடுத்து வந்துவிட்டார். இரண்டாம் முறை போனது இரண்டாம் சனிக்கிழமை. தோட்டத்தில் ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. சனிக்கிழமை ஆபீசைப் பூட்டுவார்கள் என்று அப்பாவுக்கு யார் சொன்னது? பூட்டின கதவு முன்னால் பாஸ்போர்ட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார்.

மூன்றாம் முறை கிளார்க் புத்தகத்தைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"யோவ், என்னய்யா இது?"

எட்டிப் பார்த்தேன். படத்தில் அம்மாவின் நெற்றியில் புளியங்கொட்டை அளவுக்குக் குங்குமம். சர்க்கார் முத்திரையின் ஓரத்திலும் சிவப்பு ஈஷியிருந்தது.

"செத்த ஆளு போட்டோவுக்கு வெக்கிற மாதிரி வெச்சிருக்க? இது என்ன சாமி படமா?"

"தெரியாதுங்க தொரை" என்றார் அப்பா. மேசைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருந்தாலும் அப்பாவுக்கு அவர் தொரைதான். தோட்டத்துப் பழக்கம். எனக்கு அவமானமாக இருக்கும். கிளார்க்குக்கு என்னவோ அது பிடித்திருந்தது. குரலைத் தணித்து, "சுத்தமா தொடச்சு எடுத்துட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் அம்மா கூலிக்கு வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். "என்னாடி கூத்து இது?" என்று அப்பா புத்தகத்தை நீட்டினார். அம்மா தலையைத் தூக்கவில்லை.

"வெறும் நெத்தியா இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான்.

அப்பா ஈரத்துணியால் துடைத்தார். துடைத்த இடம் வெளுத்துப்போனது. அம்மா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

நாலாம் முறை. கிளார்க் திறந்தார். பொட்டு அதே இடத்தில், முன்னைவிடக் கொஞ்சம் பெரிசாக, ஜம்மென்று இருந்தது.

"என்னய்யா, நக்கலா?"

வரிசையில் நின்ற ஒருவர், "வந்ததுக்குச் சாருக்கும் ஒண்ணு வெச்சு விட்டுட்டுப் போங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்தேன். கிளார்க் சிரிக்கவில்லை. வெளுத்திருந்த இடத்தை நகத்தால் தொட்டுப் பார்த்து, "படத்த மாத்தினீங்களோ என்னமோ, யாரு கண்டா? அந்தம்மாவ நேர்ல கூட்டியா. நாளான்னிக்குப் பட்டியல முடிச்சிருவோம். அதுக்கு மேல வந்தா அடுத்த தேர்தலுக்குத்தான்" என்றார்.

ஊரில் பஸ்சை விட்டு இறங்கிய அப்பா டீக்கடைப் பக்கம்கூடப் பார்க்காமல் நடந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. வாயே திறக்காத நான் அம்மாவைப் பார்த்துக் கத்தினேன்.

"ஒனக்கு அறிவே இல்லியாம்மா? ஒன்னாலதான் அப்பாவுக்கு ஓட்டு இல்லாம போவுது!"

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். "பேசக் கத்துக்கிட்ட, பரவால்ல" என்றாள். மறுபடியும் வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் முறை மூன்று பேரும் போனோம். கடைசி நாள். அம்மா தன் நெற்றியில் பளிச்சென்று பொட்டு வைத்து, எனக்கும் வைத்துவிட்டிருந்தாள். பாஸ்போர்ட் படத்தையும் அவள் விட்டிருக்கவில்லை. கிளார்க் எங்களைத் தாசில்தார் அறைக்கே கூட்டிப்போய்விட்டார். தாசில்தார் படத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"இது நீதானாம்மா?"

"நாந்தாங்க."

"எதுக்கு இதுல பொட்டு?"

வெளியாள் முன்னால் அம்மா பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பேசினாள். "பக்கத்துலயே புருஷன் இருக்காருங்க. நான் பாழ்நெத்தியா இருந்தா நல்லாவா இருக்கும்?"

கிளார்க் சிரித்துவிட்டார். தாசில்தாருக்கும் சிரிப்பு வந்தது. "அது சரி. படம் எடுக்கறப்பவே வெச்சுக்கிட்டுப் போயிருக்கலாம்ல?"

"வெச்சுக்கிட்டுத்தாங்க போனேன்" என்றாள் அம்மா.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இவ்வளவு பெரிய அதிகாரி முன்னால் இப்படியா பச்சைப் பொய் சொல்வது? வைத்துக்கொண்டு போயிருந்தால் படத்தில் விழாமல் எங்கே போகும்? தாசில்தார் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். "இனிமே புத்தகத்துல கைவெக்காதம்மா" என்றார். அப்பா அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

தேர்தல் அன்று இருவரும் விடியற்காலையிலேயே பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்று ஓட்டுப் போட்டார்கள். அதோடு முடிந்ததா? மை வைத்த விரலில் தண்ணீர் படக்கூடாது என்று அப்பா அதில் பிளாஸ்டிக் காகிதத்தைச் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போனார். ஊரே சிரித்தது. "அது அழியாதுப்பா" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஒனக்குத் தெரியாது. எழுதிக் குடுத்ததையே அழிச்சவனுவள நான் பாத்திருக்கேன்" என்றார்.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. போன மாதம் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த டீச்சர், "உங்க அப்பா அம்மா பத்தி பழைய பேப்பர் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார். மறுபடியுமா என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தேன். குங்குமம் கறுத்து, காய்ந்த ரத்தம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

படம் எடுக்க அம்மா கண்டிக்குப் போன நாள் எனக்கு மறக்கவில்லை. நானும் கூடப் போயிருந்தேன். தமிழர்களைத் தேடித் தேடி அடித்த கலவரம் அடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வழியில் பஸ்சை நிறுத்திக் கம்பும் கையுமாக நாலைந்து பேர் ஏறினார்கள். ஒவ்வொரு இருக்கையாக முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். அம்மா குனிந்து, முந்தானையை எச்சிலில் நனைத்து, முதலில் தன் நெற்றியைத் துடைத்தாள். பிறகு என் நெற்றியை, தோல் எரிகிற அளவுக்கு. முகம் அழுக்காக இருந்தால் ஆபீசில் பாஸ்போர்ட் தரமாட்டார்கள், அதற்குத்தான் துடைக்கிறாள் என்று நினைத்தேன்.

வலிக்குதும்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் வாயை இறுக்கிப் பொத்தினாள். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.