ஏலத்தில் வந்த கேமராவும் வராத கேமராவும்

கண்ணால் பார்க்காத பொருளுக்கு, கண்ணால் பார்க்காத ஆளிடம், கண் மங்கிய வயதில் விலை கேட்பதற்குப் பெயர்தான் இன்டர்நெட் ஏலம். மில் வேலை முடிந்து பாண்டிச்சேரி சாரம் பகுதியில் தனியாக இருந்த ஆறு வருஷம் அதுதான் என் தொழில். பழைய கேமராவை ஏலத்தில் எடுப்பேன், ஞாயிற்றுக்கிழமை சந்தையில் விற்பேன். என்னைப் போல ஏமாந்தவர்கள் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள்.

படத்தில் பெரிசு

முதலில் எடுத்தது ஜெர்மனிக் கேமரா. கம்ப்யூட்டர் திரையில் தலையணை அளவு தெரிந்தது. லாரியில் அனுப்புவார்களோ என்று தெருவைக்கூட அளந்து பார்த்தேன். வந்தது தீப்பெட்டி அளவில், சாவிக்கொத்தில் மாட்டுகிற பொம்மை. அளவு என்ன என்று முன்கூட்டியே கேட்காதது என் தப்பு. பிரவுசிங் சென்டரில் இருக்கும் கலாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பொம்மையையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"படத்துல இருக்கறதுதானே வந்திருக்கு தாத்தா, இன்னா கொறை?"

பிரித்த பிறகே கையெழுத்து

அடுத்த பார்சலில் செங்கல். நல்ல சூளைச் செங்கல், கலப்படமே இல்லை. அதிலிருந்து ஒரு சட்டம் போட்டேன்: கூரியர்காரர் எதிரில் பிரித்துப் பார்த்துத்தான் கையெழுத்து. அவருக்கு நாற்காலி போட்டு, டீ கொடுத்து, கத்தரிக்கோல் இருந்தும் முடிச்சு முடிச்சாக நகத்தால் அவிழ்ப்பேன். வாரத்தில் என் வீட்டுக்குள் வருகிற ஒரே மனுஷன். ஒருநாள் நாற்பது நிமிஷம் பொறுத்துவிட்டு எழுந்தார்.

"பெரியவரே, பார்சல் பிரிக்கறீங்களா, பொண்ணு பாக்கறீங்களா?"

ஆறு மணி போன்

வெளியூர்க்காரர் ஒருவர் அருமையான கேமராவைப் பாதி விலைக்குப் போட்டிருந்தார். அவரிடம் வாங்கினேன் என்று ஏலப் பக்கத்தில் ஒரு ஆள்கூட எழுதியிருக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு அவரே போன் செய்தார். "ஏலத்த விடுங்க ஐயா, நேரா என் அக்கவுண்ட்ல போட்டுடுங்க." திருடன் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் நல்ல குரல். பாண்டிச்சேரி என்றதும் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனா என்றார். ஆமாம், வியட்நாமில் யானைமேல் உட்கார்ந்து சண்டை போட்டவன் என்றேன். "அடேங்கப்பா" என்றார்.

"இரு தம்பி, வீட்டம்மாவ ஒரு வார்த்த கேட்டுச் சொல்றேன்" என்று ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போவேன். அவள் இறந்து அப்போது நாலு வருஷம். அங்கே இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு வந்து, "லென்ஸ்ல கீறல் இருக்கான்னு கேக்கறா" என்பேன். மறுநாள் ஆறு மணிக்குப் பதில் வரும். இப்படி மூன்று வாரம் ஓட்டினேன். கேள்விகள் தீர்ந்துபோயின. அவர் குரலிலும் அலுப்புத் தட்டியது. இனி போன் வராது என்று பயம் வந்துவிட்டது. பணத்தைக் கட்டினால், பார்சல் எங்கே என்று நானாவது கூப்பிடலாமே! வியாபார முதல் எட்டாயிரத்துக்கும் செலான் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"நாளைக்குக் காலைல பேங்க் தொறந்ததும் கட்டிடறேன். வீட்டம்மாவும் சரின்னுட்டா" என்றேன். துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மூணு வாரமா பின்னாடி ஒரு பாத்திரச் சத்தம்கூட கேக்கலீங்க. வீட்ல அம்மா இல்ல, இல்லீங்களா ஐயா?"

நான் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"பணம் கட்டாதீங்க. என்கிட்டயும் கேமரா இல்லீங்க."

ஆறு வருஷ ஏலத்தில், உள்ளதை உள்ளபடி சொன்ன விற்பனையாளர் அவர் ஒருத்தர்தான்.