மூன்றாம் மாடிச் சன்னல்

புரூனா த்ராவெர்சோவுக்கு ஊர்ச் செய்தி எதுவும் பத்திரிகையில் வர வேண்டியதில்லை. இத்தாலியின் ஜெனோவாவில் எங்கள் சந்து முனையில் ரொட்டிக் கடை வைத்திருக்கிறாள். காலையில் வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பாள். ஒரு வீட்டின் பச்சை மரச் சன்னல் திறந்திருந்தால் அந்த வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார். அவ்வளவுதான் கணக்கு. பிள்ளைகள் எல்லாம் மிலானுக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்ட சந்தில் இதைச் செய்ய வேறு நாதியில்லை. அவள் மகனே ரோட்டர்டாமில்தான் இருக்கிறான்.

அன்று ஒன்பது மணியாகியும் மூன்றாம் மாடி ஒட்டாவியோவின் சன்னல் மூடியே கிடந்தது. கிழவருக்கு எண்பத்து மூன்று வயது. விடிந்ததும் சன்னலைப் படாரென்று தள்ளி, மழையைத் திட்டி, மேயரைத் திட்டி, பிறகு பக்கத்து வீட்டு ஈக்வடார்க்காரி யாதிராவின் குழந்தையைத் திட்டுவார். அது அழுதால் கைத்தடியால் சுவரை இடிப்பார்.

புரூனா மாவுக் கையோடு என் கடைக்குள் ஓடிவந்தாள். நான் பூட்டும் ஆணியும் விற்கிறவன்.

"ஃபுல்வியோ, உளி எடுத்துட்டு வா. ஒட்டாவியோ ஐயா சன்னல் திறக்கல."

"தூங்குவாரு, விடு."

"நாலாம் மாடி அம்மாவையும் போன குளிர்காலத்துல இப்படித்தான் சொன்னே! நாத்தம் வந்தப்புறம்தானே கதவை உடைச்சோம்?"

உளியை எடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கீழ்வீட்டு செலெஸ்தே அம்மாளும் செருப்பைத் தேய்த்துக்கொண்டு ஏறினாள். மணியை அடித்தோம், கதவைத் தட்டினோம், கத்தினோம். உள்ளே சத்தமே இல்லை. அதுவோ இரும்புக் கதவு. என் உளியெல்லாம் அதற்குப் பல்குத்தும் குச்சி. கிழவரோ யாரையும் நம்பி ஒரு மாற்றுச் சாவிகூடக் கொடுத்து வைத்ததில்லை.

"தீயணைப்புக்காரங்களைக் கூப்பிடுவோம்," என்றேன்.

"அவங்க வர்றதுக்குள்ள? யாதிரா வீட்டுச் சன்னல் வழியா சுவர் விளிம்புல இறங்கிப் போய் அவர் சன்னலைத் திறக்கலாம்."

"யாரு, நீயா? உன் எடைக்கு விளிம்பே போயிடும்டி!"

"வாயை மூடு!" என்றாள் புரூனா. பேச்சுக்குச் சிரித்தேனே தவிர, எனக்கும் பயம்தான்.

அவள் யாதிராவின் கதவை இரண்டு கையாலும் இடித்தாள். வெகுநேரம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது. திறந்தது யாதிரா இல்லை. ஒட்டாவியோ. பனியன், தோளில் துண்டு, துண்டின்மேல் தூங்கும் குழந்தை.

"அறிவிருக்கா உங்களுக்கு? இப்பத்தான் தூங்குச்சு!" என்று கிசுகிசுத்தார்.

புரூனா அவர் கையில் ஓர் அடி வைத்தாள். "செத்துட்டீங்கன்னு நெனச்சோம் ஐயா! மணி அடிச்சது காதுல விழலியா?"

"விழுந்துச்சும்மா. எந்திரிச்சா இவன் முழிச்சுக்குவான்."

"சுவத்தை இடிக்கிற ஆளு இங்க என்ன பண்றீங்க?"

"அந்தப் பொண்ணு விடியறதுக்கு முன்னாடி படிக்கட்டுல உக்காந்து அழுதுச்சு. குழந்தைக் காப்பகத்தை மூடிட்டாங்களாம். பிள்ளைங்க போதலையாம். இருக்கிற ஒண்ணை எங்க கொண்டுபோய் விடுறது? வேலைக்குப் போ, நான் பாத்துக்கிறேன்னேன்."

எங்கள் கத்தலில் குழந்தை விழித்துக்கொண்டது. படிக்கட்டு முழுக்க எதிரொலிக்க அலறியது. ஒட்டாவியோ குலுக்கினார், செலெஸ்தே நாக்கைச் சொடுக்கினாள், நான் சாவிக்கொத்தை ஆட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு தாலாட்டு பாடலாமென்றால் எங்களில் யாருக்கும் முதல் வரிகூட வரவில்லை.

"புரூனா, நீதானே ஒண்ணை வளத்தவ?" என்றார் கிழவர்.

"அதுக்கு ஆச்சு முப்பது வருஷம்!" என்று சீறியபடியே குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

மாவுக் கையால் அதன் முதுகைத் தட்டினாள். தட்டத் தட்ட அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள். இரண்டு பேரில் யார் அழுகையை எப்படி நிறுத்துவதென்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை.