மாஞ்சா காய்ந்த கம்பம்

மகள் கைப்பேசியில் காட்டிய காணொளியில், எந்த நாட்டு வானத்திலோ காத்தாடிகள் ஒன்றையொன்று அறுத்துக்கொண்டிருந்தன. மாடியில் ஒருவர் நூலுக்குக் கண்ணாடித்தூள் கலந்த மாஞ்சா பூசினார். உடனே கொதிக்கும் வச்சிரப் பசையின் நாற்றம் என் மூக்கில் ஏறிற்று.

பத்து வயதில் நானும் பூசினேன், எங்கள் நெசவுத் தெருவில், காலையில் தறிக்கான பட்டு இழைகளைப் பாவாக இழுத்துக் கட்டுகிற கம்பங்களில் நூலைக் கட்டி. கம்பத்தில் பசையோடு காய்ந்த கண்ணாடித்தூளைத் துடைக்காமல் காத்தாடி விட ஓடிவிட்டேன். மறுநாள் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா அங்கே பாவு கட்டினாள். காற்றில் கம்பத்தோடு உரசி, இழைகள் கொத்தாக அறுந்து தொங்கின.

“நகத்த வெட்டுன்னு எத்தினி தபா சொன்னேன்? கையாடி அது, அரமா?” அவள் புருஷன் தெருவே கேட்கக் கத்தினார்.

அக்கா என்னிடம் விரல்களை நீட்டினாள். “நீயே சொல்லு கண்ணு, இதுல நகம் இருக்குதா?”

சதையோடு ஒட்ட வெட்டிய நகங்கள். நான் கம்பத்தை ஒருமுறை பார்த்தேன்.

“கொஞ்சம் இருக்குதுக்கா.”

அவள் நம்பிவிட்டாள். வாசலிலேயே உட்கார்ந்து, வெட்ட ஏதுமில்லாத விரல்களில் பிளேடை வைத்து, ரத்தம் கசியக் கசியச் சுரண்டினாள்.

“நீ காத்தாடி விட்டிருக்கியாம்மா?” என்றாள் மகள்.

“எனக்கு எங்கடி அதெல்லாம் தெரியும்” என்றேன்.